கறுப்பு நூலுக்கு அப்புறம்

இந்த ஊரில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்ததை நான் நிறுத்தினேன். தெரியாமல் செய்த பிழை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பல வருடம் ஓட்டினேன். முதல் பாதி வேண்டுமானால் தெரியாமல் நடந்தது. மறுபாதி தெரிந்தே செய்தது. இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

நான் திண்டுக்கல்லிலேயே பிறந்து, ஒரு கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எழுத்தாளன் இல்லை, வாசகன். ஆனால் கல்கியைப் பற்றிப் பேச ஆள் வேண்டும் என்றால் இந்தப் பக்கத்தில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பள்ளி ஆண்டுவிழா, நூலக வாரவிழா, சின்னாளபட்டியில் ஒரு வாசகர் வட்டம் என்று பொன்னியின் செல்வனை வைத்துக்கொண்டே முப்பது வருடம் மேடை ஏறியிருக்கிறேன். பேசிப் பேசி, கல்கி என் வீட்டுப் பெரியவர் என்பது போன்ற ஓர் உரிமை எனக்குள் வளர்ந்துவிட்டது. அவரைப் பற்றி யார் எது செய்வதானாலும் என்னைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று மனசுக்குள் நினைத்திருக்கிறேன்.

2008 பிப்ரவரி 27-ஆம் தேதி சுஜாதா மறைந்தார். எங்கள் ஊர் வாசகர் கூட்டத்தில் மார்ச் மாதம் அவருக்கு அஞ்சலி. எங்கள் கூட்டம் மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் நடக்கும், இருபது இருபத்தைந்து பேர் வருவோம். அன்றைக்கு ஒரு கல்லூரி மாணவர் எழுந்து, சுஜாதாவின் துப்பறியும் வக்கீல்களைப் பற்றி, "இனிமே கணேஷும் வசந்தும் என்ன ஆவாங்க? வேற யாராவது எழுதலாமா?" என்று கேட்டார். கூட்டம் சூடாகிவிட்டது. தமிழ்வாணன் போனதும் சங்கர்லாலும் போய்விட்டார், தேவனோடு துப்பறியும் சாம்பு முடிந்தார், அதுதான் முறை என்றார் ஒருவர். வெளிநாட்டில் ஜேம்ஸ் பாண்டை வேறு ஆட்கள் எழுதவில்லையா என்றார் இன்னொருவர்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். வேடசந்தூர் சாலையில் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதுகிறவர். முப்பது வயதிருக்கும். கூட்டத்துக்கு ஒழுங்காக வருவார், பேசியதில்லை. தான் பொன்னியின் செல்வனுக்குத் தொடர்ச்சி எழுதிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். மூன்று நோட்டு முடிந்துவிட்டது, முதல் நோட்டைச் சாரிடம் கொடுத்திருக்கிறேன் என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

உண்மைதான். இரண்டு வாரத்துக்கு முன்னால் கொடுத்திருந்தார். நீள நோட்டு, கோடு போட்டது, நீல மையில் அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. அன்று ராத்திரியே உட்கார்ந்து முழுவதும் படித்துவிட்டேன்.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கல்கியின் கதை உத்தம சோழர் பட்டத்துக்கு வருவதோடு முடிகிறது. நாவலில் அந்த உத்தம சோழர்தான் பூக்குடலையோடு கோயிலுக்குப் போய்வந்த சேந்தன் அமுதன். அவரைக் கட்டிக்கொண்ட கோடிக்கரை ஓடக்காரப் பெண் பூங்குழலி பட்டத்தரசி ஆகிறாள். கதை நின்ற பிறகு வாசகர்கள் கல்கியை விடவில்லை. அவர் என்ன ஆனார், இவள் என்ன ஆனாள் என்று கேட்டுக் கேட்டு, அவர் முடிவுரையில் பதில் சொல்ல வேண்டி வந்தது. ஆனாலும் 985-இல் ராஜராஜன் அரியணை ஏறும் வரை ஒரு பெரிய இடைவெளி வெறுமனே கிடக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்கள் விஷயமும் அந்தரத்தில் நிற்கிறது. காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்டது, அந்தக் கொலைக்குக் காரணமானவர்களின் நிலங்கள் பறிக்கப்பட்டதைச் சொல்கிறது. நாவலில் சதிகாரனாக வரும் ரவிதாசன் பெயரே அதில் இருக்கிறது. தொடர்ச்சி எழுத வருகிறவர்கள் எல்லாரும் பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போவார்கள்.

இந்தப் பெண் அப்படிப் போகவில்லை. அவர் கதையில் கொலை இல்லை, சதி இல்லை, குதிரை இல்லை. கடலை விட்டு அரண்மனைக்கு வந்த ஒருத்தி, அவ்வளவுதான். முதல் அத்தியாயத்தில் பணிப்பெண் வெள்ளிச் செம்பில் தண்ணீர் தருகிறாள். பூங்குழலி ஒரு வாய் குடித்துவிட்டு, நாக்கைச் சப்புக்கொட்டி, கன்னத்தில் வழிந்ததைத் தொட்டு மறுபடி நக்கிப் பார்க்கிறாள். உப்பு இல்லை. அன்றிலிருந்து தினமும் ராத்திரி யாரும் பார்க்காதபோது ஒரு கல் உப்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள். காலையில் அது கரைந்து கை பிசுபிசுத்திருக்கும்.

எனக்கு அது பிடித்திருந்தது. அந்தக் கல் உப்பைப் படித்துவிட்டு நோட்டை மூடி வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நானும் இருபத்தைந்து வயதில் ஒரு தொடர்ச்சி எழுத உட்கார்ந்தவன். வந்தியத்தேவனைக் குதிரையில் ஏற்றிவிட்டு, மேற்கொண்டு எங்கே அனுப்புவது என்று தெரியாமல் பதினோராம் பக்கத்தில் விட்டவன். இந்தப் பெண்ணுக்கு வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. அது என்னை அரித்தது. அதற்குப் பெயர் பொறாமை. வேறு நாகரிகமான சொல் எதையும் தேட விரும்பவில்லை.

அன்றைய கூட்டத்துக்கு நான் கல்கியின் அமரதாராவைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அது அச்சுப் புத்தகம் இல்லை. என் அத்தை, அப்பாவின் தங்கை, கல்யாணத்துக்கு முன்னால் கல்கி இதழிலிருந்து வாரா வாரம் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து வைத்ததைத் தாத்தா பைண்ட் பண்ணிக் கொடுத்த தொகுப்பு. அந்தக் காலத்தில் பல வீடுகளில் பொன்னியின் செல்வனே இப்படித்தான் இருந்தது, மணியம் படங்களோடு. எங்கள் தொகுப்பு மேற்கு ரத வீதியில் ஒரு பைண்டர் செய்தது. மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்திருந்ததால் பூச்சி அரிக்காமல் நின்றது. பத்துப் பத்துத் தாளாக ஊசியால் கோத்து வெள்ளை நூலில் தைத்திருப்பார். நடுவில் ஒரே ஒரு கட்டு மட்டும் கறுப்பு நூலில் தைத்திருக்கும். வெள்ளை நூல் தீர்ந்திருக்கும் என்று சின்ன வயதிலிருந்தே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கல்கி 1954 டிசம்பர் 5-ஆம் தேதி மறைந்தார். பொன்னியின் செல்வன் அந்த வருடம்தான் முடிந்திருந்தது. அடுத்து எழுதிக்கொண்டிருந்த அமரதாரா பாதியில் நின்றது. அவர் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்து அவர் மகள் ஆனந்தி அதை முடித்தார். இது எனக்கு அன்றைக்கும் தெரியும். ஆனால் கடைசியில் ஏதோ இரண்டு மூன்று அத்தியாயம் மட்டும் மகள் எழுதியிருப்பார் என்று நானாகவே முடிவுகட்டி வைத்திருந்தேன். அப்பா எங்கே நிறுத்தினார், மகள் எங்கே தொடங்கினார் என்று ஒருநாளும் தேடிப் பார்க்கவில்லை. முப்பது வருடம் கல்கியைப் பற்றி மேடையில் பேசிய ஒருவன், நூலகத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் தெரிந்துகொள்ளக்கூடிய ஒன்றைத் தெரிந்துகொள்ளவில்லை.

அந்தத் தொகுப்பில் எனக்கு மனப்பாடமான ஒன்றரைப் பக்கம் உண்டு. கல்கியின் நடைக்கு உதாரணம் என்று பல மேடைகளில் வாசித்திருக்கிறேன். எந்த இடம் என்று இங்கே எழுத மனம் வரவில்லை. அதை வைத்துக் கைதட்டல் வாங்கியது போதும்.

அன்றைக்கு எழுந்து அந்த ஒன்றரைப் பக்கத்தை வாசித்தேன். கூட்டம் அமைதியாகிவிட்டது. புத்தகத்தை மூடிவிட்டுச் சொன்னேன்: "இதுதான் கல்கி. இந்த வாக்கியம் வேற ஒரு கையில வருமா? அவர் பேனாவோட அந்தக் கதையும் போச்சு. செத்தவர் பிள்ளைக்குப் பேர் வைக்கிற உரிமை நமக்கு இல்ல. அவர் பாத்திரத்தை எடுத்து எழுதறது கல்லறையில கைவைக்கிற மாதிரி."

கைதட்டினார்கள். அந்தப் பெண் நின்றுகொண்டேதான் இருந்தார். "சரிங்க சார்" என்றார். உட்கார்ந்தார். அதற்கு அடுத்த மாதமும், அதற்கு அடுத்த மாதமும் வந்தார். பிறகு வரவில்லை.

இது முதல் பாதி.

2019-இல் அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. நாகல் நகரில் மகன் வீட்டில் இருந்தார். கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து கட்டுப் பிரித்திருந்தார்கள். பொழுது போகவில்லை என்று அந்தப் பழைய தொகுப்பைக் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்குப் பிடித்த இடத்தை நானே எடுத்து வாசித்துக் காட்டினேன். "கல்கி கல்கிதான் அத்தை" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, "அது கல்கி எழுதுனது இல்லடா. அவரு மக எழுதுனது" என்றார்.

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அத்தை தொகுப்பை வாங்கி, விரலால் தடவித் தடவிப் பக்கம் தள்ளி, கறுப்பு நூல் கட்டில் நிறுத்தினார்.

"இந்தக் கறுப்பு நூலு எதுக்குன்னு நெனச்ச? அவரு எழுதுனது இதோட சரி. கார்த்திகையிலயே போயிட்டாரே. நம்ம வீட்ல அன்னிக்கு அடுப்புப் பத்த வைக்கல. பைண்டருக்குக் குடுக்கறப்ப அப்பாகிட்ட நாந்தேன் சொல்லிவிட்டேன், இந்த எடத்துல மட்டும் கறுப்பு நூல்ல தைக்கச் சொல்லுங்கன்னு. நீ வாசிக்கறது அதுக்கு அப்புறம் வர்ற பக்கம்டா."

நான் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். என் ஒன்றரைப் பக்கம் கறுப்பு நூலுக்கு வெகுதூரம் பின்னால் இருந்தது. அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எப்போதோ தெரிந்திருக்கும். என் வீட்டிலிருந்து அவர் வீட்டுக்கு டவுன் பஸ்ஸில் பத்து நிமிடம். கேட்கத் தோன்றவில்லை. அந்தக் கதையை வாரா வாரம் காத்திருந்து படித்தவர் அவர். மேடையில் பேசியது நான்.

"அப்ப மத்தவங்க எழுதினா உங்களுக்குப் பரவால்லையா அத்தை?" என்று கேட்டேன்.

"கதை பாதில நின்னா பின்ன என்ன பண்றது? அந்தப் பொண்ணு தன் பேர்லதான எழுதுச்சு. அப்பா செத்த துக்கத்தோட உக்காந்து எழுதியிருக்கு பாரு, அதை நெனச்சுக்கிட்டே படிப்பேன்" என்றார்.

அதற்குப் பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, அன்று கூட்டத்தில் நான் பேசியது தமிழே அறியாத பேச்சு என்று தெரிந்தது. வில்லிபுத்தூரார் பாரதத்தை விரித்துப் பாடி முடிக்கவில்லை. பின்னால் வந்த நல்லாப்பிள்ளை, வில்லியின் பாடல்களை அப்படியே உள்ளே வைத்துக்கொண்டு, விடுபட்டதையெல்லாம் பாடிச் சேர்த்துப் பதினாலாயிரம் பாட்டுக்குக் கொண்டுவந்தார். உமறுப்புலவரின் சீறாப்புராணம் நபிகள் நாயகத்தின் வாழ்க்கை முழுவதையும் சொல்லி முடிக்காமல் நின்றது. பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறா பாடி அந்தக் குறையைத் தீர்த்தார். கச்சியப்ப சிவாசாரியார் ஆறு காண்டத்தோடு நிறுத்திய கந்தபுராணத்துக்குக் கோனேரியப்பர் உபதேச காண்டம் பாடினார். காஞ்சிப் புராணத்தில் முதல் காண்டம் சிவஞான முனிவர், இரண்டாம் காண்டம் அவருடைய மாணவர் கச்சியப்ப முனிவர். வடமொழியில் பாணர் காதம்பரியைப் பாதியில் விட்டுவிட்டுப் போக, மகன் முடித்தார். கவிதைச் செருக்கால் இதைத் தொடவில்லை, கதை அறுந்து நிற்பதைப் பார்த்து நல்லவர்கள் படும் வருத்தம் தாங்காமல்தான் தொட்டேன் என்ற பொருளில் அவர் முதலிலேயே சொல்லிவிடுகிறார். அத்தை ஆனந்தியைப் பற்றிச் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்.

இன்னும் பக்கத்தில் வந்தால், கல்கியின் கதையையே அமுதசுரபி ஆசிரியராக இருந்த விக்கிரமன் நந்திபுரத்து நாயகியில் தொடர்ந்திருக்கிறார். என் அலமாரியிலேயே அது இருந்தது. நான் படிக்காமலே வைத்திருந்தேன். காவிரி மைந்தன் என்ற பெயரில் அனுஷா வெங்கடேஷ் எழுதிய தொடர்ச்சியும் உண்டு. வங்காளத்தில் சரதிந்து பந்தோபாத்யாய் 1970-இல் இறந்தபோது அவருடைய துப்பறிவாளர் வியோம்கேஷின் கடைசிக் கதை முடியாமல் கிடந்தது, நாராயண் சன்யால் எழுதி முடித்தார். கல்கி போன அதே 1954-இல் ஷெர்லாக் ஹோம்ஸின் புதிய கதைகள் ஒரு தொகுப்பாக வந்தன, கோனன் டாயலின் மகன் ஏட்ரியன் டாயலும் ஜான் டிக்சன் காரும் எழுதியவை. அமெரிக்காவில் ராபர்ட் ஜோர்டான் தன் நெடுந்தொடரை முடிக்காமல் 2007-இல் இறந்தார். அவர் மனைவியே அவருக்கு எடிட்டராகவும் இருந்தவர். அந்த அம்மா பிராண்டன் சாண்டர்சன் என்ற இளைஞரைத் தேடிப் பிடித்துக் குறிப்புகளைக் கொடுத்தார். மூன்று பெரிய புத்தகங்களாக 2013-இல் தொடர் முடிந்தது.

எல்லாத் தொடர்ச்சியும் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. சிலவற்றைப் படித்துவிட்டுச் சோர்ந்துபோனேன். கணேஷ்–வசந்தை இன்னொருவர் எழுதுவது முடியாது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவர்களை அசைத்தது சுஜாதாவின் வாக்கிய வேகம், அது அவரோடு போய்விட்டது. ஆனால் அதை எழுதிக் காட்டிய பிறகு சொல்ல வேண்டும். எழுதுவதற்கு முன்னால், எழுதுகிறவரை எழுப்பி நிறுத்திச் சொல்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை. சட்டப்படி பார்த்தாலும் கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டது. அந்தப் பெண் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மரியாதைக்காகத்தான் என்னிடம் கொண்டுவந்தார்.

இனி மறுபாதி.

அத்தை சொன்ன மறுநாளே நான் அந்தப் பெண்ணைத் தேடிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மாதக் கூட்டத்தில் எழுந்து, நான் வாசித்தது ஆனந்தி எழுதியது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த ஒன்றரைப் பக்கத்தை மட்டும் மேடையில் வாசிப்பதை நிறுத்திக்கொண்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. 2022-இல் மணிரத்னம் படம் வந்தபோது ஊரெல்லாம் பொன்னியின் செல்வன் பேச்சு. என்னைக் கூப்பிடாத பள்ளி இல்லை. அப்போது ஒரு பள்ளியில், பூங்குழலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன், அரண்மனைத் தண்ணீரில் உப்பு இல்லை என்று அவள் நக்கிப் பார்ப்பதையும், கல் உப்பைக் கையில் வைத்துத் தூங்குவதையும் சொல்லிவிட்டேன். நான் கற்பனை செய்தது போலச் சொன்னேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஓர் ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். யார் எழுதியது என்று நான் சொல்லவில்லை.

இதற்கும் கீழே ஒன்று இருக்கிறது. 2008-இல், அந்தக் கூட்டம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து அந்தப் பெண் எனக்குப் போன் பண்ணினார்.

"சார், அந்த நோட்டு மட்டும் வேணும். என்கிட்ட வேற காப்பி இல்லைங்க சார்" என்றார்.

"அதை எங்கயோ வச்சிட்டேன்மா, வெள்ளையடிச்சப்ப தவறிப்போச்சு போல. தேடிப் பாத்துச் சொல்றேன்" என்றேன்.

அப்போது நோட்டு என் மேஜை இழுப்பறையில் இருந்தது. போனில் பேசும்போதே என் முழங்கை அந்த இழுப்பறை மேல்தான் இருந்தது. ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். அது அவர் கையில் திரும்பிப் போனால் எழுதி முடித்துவிடுவார் என்ற பயம்தான். வேறு காரணம் கிடைக்கவில்லை.

"பரவால்லைங்க சார்" என்று வைத்துவிட்டார். மறுபடி கூப்பிடவில்லை.

அத்தை 2021-இல் போய்விட்டார். போவதற்கு முன்னால் அவரிடமாவது சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. இந்த வருடம் தை மாதம் துணிந்து வேடசந்தூர் சாலைக்குப் போனேன். ஆலையில் பழைய ஆட்கள் யாரும் இல்லை. கல்யாணமாகித் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டதாக வாசலில் டீக்கடை வைத்திருந்தவர் சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. பெயரை இங்கே போட்டுத் தேடலாம்தான். அவரைக் கேட்காமல் அவர் பெயரை அச்சில் ஏற்ற எனக்கு உரிமையில்லை. ஒரு முறை உரிமை எடுத்துக்கொண்டு செய்த காரியமே போதும்.

கூட்டத்தில் சொல்லிவிட்டேன். சென்ற மாதம், அதே மாடியில். 2008-இல் இருந்தவர்களில் ஆறு பேர் வந்திருந்தார்கள். தொகுப்பைப் பிரித்துக் கறுப்பு நூலைக் காட்டினேன். ஆனந்தி பெயரைச் சொல்லி அந்த ஒன்றரைப் பக்கத்தைக் கடைசி முறையாக வாசித்தேன். அப்புறம், அன்றைக்குப் பின்வரிசையில் நின்ற பெண்ணின் பூங்குழலியைப் பற்றி, அது அவருடையது என்று சொல்லிப் பேசினேன். உப்பு விஷயத்தை நான் பேசிய அந்தப் பள்ளித் தலைமையாசிரியருக்கும் கடிதம் எழுதி, அது என்னுடையது அல்ல என்று தெரிவித்துவிட்டேன்.

அம்மா, இந்தப் பக்கம் உங்கள் கைக்கு வந்தால்: நோட்டு தொலையவில்லை. என்னிடம்தான் இருக்கிறது. ஒரு பக்கம்கூடச் சேதமில்லை, நீல மை மங்கவில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் பூங்குழலி ஓடத்தின் துடுப்பைப் பழையாறைக்கு வரவழைக்கச் சொல்லி ஆள் அனுப்புகிறாள், ஆள் இன்னும் கோடிக்கரை போய்ச் சேரவில்லை. அங்கேதான் நோட்டு முடிகிறது. இந்த இதழின் ஆசிரியரிடம் என் முகவரியும் போன் நம்பரும் கொடுத்திருக்கிறேன். நீங்கள் எந்த ஊர் சொன்னாலும் நானே கொண்டுவந்து தருகிறேன்.